தோல் சாயம்

படகுத் துறையில் அவளுக்குத் தையல்காரம்மா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அதை வங்கிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும்தான் கூப்பிடுவார்கள். அப்போதும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருப்பாள். ஐம்பத்து மூன்று வயது. டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு நீண்ட அறைதான் அவளுடைய தொழிற்சாலை. படகின் பாய் என்றால் ஏதோ போர்வை அளவு என்று நினைத்துவிடக் கூடாது. அறை முழுக்க விரித்தாலும் ஒரு மூலை மடங்கிக் கிடக்கும். அதன்மேல் தவழ்ந்து தவழ்ந்துதான் அளப்பாள், வெட்டுவாள், ஊசி குத்துவாள். முழங்கால் இரண்டும் காய்ப்புக் காய்த்திருந்தன. "எல்லாரும் ஒரு வயசுல தவழ்ந்து முடிச்சிடறாங்க, என் பொண்டாட்டி இன்னும் முடிக்கலை" என்று அவள் கணவர் தம் சலவைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே அண்ணனால்தான். கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் ஒருநாள் கிழிந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து போட்டார். "தைக்க முடியுமான்னு பாரு பாப்பா. முடியலைன்னா ஜன்னலுக்குத் திரை போட்டுக்கலாம், ரெண்டு வீட்டுக்கும் காணும்." அவள் தைத்தாள். அந்தப் பாய் நாலு வருடம் உழைத்தது. அதைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். துறை முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது. பிறகு அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பழைய படகு வாங்கி, ஒரே சுருளிலிருந்து வெட்டிய கம்பியைப் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்தார்கள். பெரிய பணக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். அண்ணன் தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கிறவர். மற்றவர்கள் கார் வாங்கும் பணத்தில் இவர்கள் படகு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் என்று எட்டு எஃகுக் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்தொன்பது இழை முறுக்கியது. கீழ்முனை ஓர் இறுக்கும் திருகில் போய் முடிந்து படகின் ஓரத்தோடு பூட்டியிருக்கும். அந்தத் திருகில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகள் காலைக் கீறும், பாயைக் கிழிக்கும். எட்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனுடைய புதுப் பாயை அப்படி ஓர் ஆணி ஒரு முழம் கிழித்தது. தான் தைத்த பாய் கிழிந்தால் தையல்காரம்மாவுக்குப் பொறுக்காது. கெட்டித் தோலை எடுத்து, கம்பியின் முனையையும் திருகையும் சேர்த்து மூடுகிற மாதிரி இறுக்கமாக ஓர் உறை தைத்தாள். மெழுகு நூல், முழுக்கக் கைத்தையல். காற்றுகூட உள்ளே போகாது என்று அவளே பெருமையடித்துக்கொண்டாள். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு உனக்கு என்று போட்டி போட்டார்கள். தன் படகுக்கும் போட்டுக்கொண்டு, இன்னும் முப்பத்தொரு படகுக்குத் தைத்துக் கொடுத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வெயில் பளிச்சென்று அடித்த ஒரு மத்தியானம், அப்படியொன்றும் பலமில்லாத காற்றில், அண்ணனுடைய படகின் பக்கக் கம்பி ஒன்று அறுந்தது. மரம் சாய்ந்து அவர் தலைமேல் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் படகை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தபோது உயிர் இல்லை. காப்பீட்டுக்காரர் வந்து பார்த்தார். நாள்பட்ட கம்பி, மாற்றாமல் விட்டது உரிமையாளர் தவறு என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். அந்த வருடம் அண்ணன் கம்பியை மாற்ற விலை விசாரித்து வைத்திருந்தார். அதே வருடம் வீட்டுக் கூரை ஒழுகியது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. "இந்த வருஷம் கூரையைப் பாப்போம், கம்பியை அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்று அண்ணி சொன்னாள். கூரை போட்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அன்று வெளியே மழை கொட்டியது. தையல்காரம்மா தலையை நிமிர்த்தி மேலே பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "கூரை நல்லாத்தான் போட்டிருக்கீங்க அண்ணி. ஒரு சொட்டு ஒழுகலை."

அதற்குக் கத்தியை எடுத்துக் குத்தியிருக்கலாம். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சொன்னதற்காகத் தையல்காரம்மா வருத்தப்பட்டாளா என்றால், இல்லை. சரியாகத்தான் சொன்னோம் என்று இரண்டு வருடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். துறையிலும் அதே பேச்சுத்தான். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு உயிரை விட்ட மனுஷன் என்று அண்ணனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அவளுடைய படகும் அதற்குப் பிறகு நகரவில்லை. கணவர் மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, அது அங்க சும்மா நின்னு பாசி புடிக்குது. ஒண்ணு ஓட்டு, இல்ல வித்துடு. ரெண்டும் இல்லாம வாடகை மட்டும் கட்டிக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்?" விற்க அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணனோடு சேர்ந்து வாங்கியது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஓட்டவும் பயம், கம்பிக்குப் பதினொரு வயது. மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று, போன வருடம் துறைக்குப் புதிதாக வந்திருந்த கம்பிக்காரப் பெண்ணைச் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று மரத்தின் உச்சிக்கு ஏறினாள். அரைமணி நேரம் அங்கேயே தொங்கிக்கொண்டு ஒவ்வொரு முனையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"மேல எல்லாம் கல்லு மாதிரி இருக்கு அக்கா. பதினொரு வருஷம்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டேன்."

தையல்காரம்மாவுக்கு மூச்சு வந்தது. "அப்போ மாத்த வேண்டாமா?"

"கீழயும் பாத்துட்டுச் சொல்றேன்." ஒவ்வொரு உறையாகத் தடவிக்கொண்டே வந்தவள் இடது பக்கத்தில் நின்றாள். உறையின் அடியிலிருந்து, படகின் வெள்ளைப் பூச்சின்மேல், செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. "இது என்ன அக்கா?"

"அதுவா? தோல் சாயம். உறை போட்டு எட்டு வருஷமாச்சு, நனைஞ்சா கொஞ்சம் இறங்கும்."

"எட்டு வருஷமாவா இறங்கிக்கிட்டே இருக்கு?"

தையல்காரம்மா குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். அந்தச் சாயம் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. தோலோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா என்ன?

"யாரு தைச்சாங்களோ, அவங்க கைக்குத் தங்கக் காப்பு போடலாம்" என்றாள் கம்பிக்காரப் பெண். "கிழிக்க மனசு வரலை. கிழிக்கட்டுமா?"

"நான்தான் தைச்சேன். கிழி."

மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. உறைக்குள் ஈரம் இன்னும் இருந்தது. கம்பி பழுப்பாக, உப்புப் பூத்துப்போய்க் கிடந்தது. அந்தப் பெண் திருப்புளி நுனியால் இழைகளை மெல்ல நெம்பினாள். ஏழு இழைகள் ஏற்கெனவே அறுந்திருந்தன. எட்டாவது இழை தொட்டதும் விட்டது.

"இந்த எஃகு துருப்பிடிக்காதுங்கறது காத்து படற வரைக்கும்தான் அக்கா. காத்து பட்டுக்கிட்டே இருந்தா தன்னைத் தானே பாத்துக்கும். உப்புத் தண்ணியோட மூடி வெச்சீங்கன்னா உள்ளுக்குள்ளயே அரிச்சிடும். வெளிய ஒண்ணும் தெரியாது. இந்தக் கறை மட்டும்தான் வரும்."

"உறை போடாம விட்டிருந்தா?"

"இன்னும் நாலஞ்சு வருஷம் தாராளமா ஓடியிருக்கும்."

தையல்காரம்மா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்முன்னால் டயர் கடை மாடி அறை வந்தது. அண்ணன் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "பாப்பா, உறைக்குக் கீழ ஏதோ செவப்பா ஒழுகுது. கம்பியை மாத்திடலாமான்னு விலை கேட்டு வெச்சிருக்கேன். நீ என்ன சொல்ற?" அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அவசர வேலை ஒன்று கையில் இருந்தது. "அது தோல் சாயம் அண்ணா. அதுக்குப் போய் இவ்வளவு செலவு பண்ணுவாங்களா?" அண்ணன் சிரித்தார். "நல்லவேளை உன்னைக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் அவர் கூரைக்குத் தலையாட்டியிருக்கிறார்.

இதை அவள் மறைத்து வைத்திருக்கவில்லை. பத்தோடு பதினொன்றாகச் சொன்ன பேச்சு, மறந்தே போயிருந்தது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்து, காகிதமும் பென்சிலுமாக மேசையில் உட்கார்ந்தார். கணக்கு எளிதானது. எட்டுக் கம்பியையும் புதிதாகப் போட்டால் படகின் விலையில் பாதி போய்விடும். அரித்த முனைகளை மட்டும் வெட்டிவிட்டுப் புது முனை மாட்டினால் அதிலும் பாதிதான், ஆனால் பழைய கம்பிக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அப்படியே விற்றால் வந்தவரைக்கும் லாபம். அவர் மூன்றையும் எழுதிக் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"என்னம்மா, நான் செவுத்துக்கா சொல்லிட்டிருக்கேன்?"

அவள் சொன்னாள். உறையை, ஈரத்தை, ஏழு இழையை, அண்ணன் வந்து கேட்டதை. சொல்லி முடித்தபோது அவர் பென்சிலைக் கீழே வைத்திருந்தார். "அவரு உங்கிட்ட வந்து கேட்டது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்போ கொஞ்சம் யோசி. சொன்னா போனவரு திரும்பி வரப் போறதில்லை. அண்ணிக்கு ஆறின புண்ணைக் கீறி விட்ட மாதிரி ஆகும். முப்பத்தொரு படகுக்காரனும் உன் வாசல்ல வந்து நிப்பான். அப்புறம் ஒருத்தன் ஒரு பாய் தைக்கக் குடுப்பானா? உறை வேண்டாம், மாடல் மாத்தறேன்னு ஒவ்வொண்ணா நைசா கழட்டிடு. பேரும் கெடாது."

அவர் கெட்டவர் இல்லை. மனைவியின் பிழைப்பில் மண் விழக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அவர் சொன்ன வழியை அவளும் ஒரு கணம் ஆசையோடுதான் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணிக்குப் புண்ணு ஆறிடுச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் முதலில் போனது துறைக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு. அங்கே ஒரு மூலையில் அண்ணனின் படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இரண்டு வருடமாக அந்தப் பக்கமே அவள் திரும்பியதில்லை. மரம் இரண்டாக மடிந்து பக்கத்தில் கிடந்தது. அறுந்த கம்பியின் மேல்பாதியைத்தான் காப்பீட்டுக்காரர் பார்த்திருந்தார். கீழே உறை கொஞ்சமும் கசங்காமல் அப்படியே இருந்தது. யாரும் அதைப் பிரிக்க நினைக்கவில்லை. தையலைப் பிரிக்கப் பிரிக்க, இப்படி இழுத்துத் தைத்திருக்கிறோமே என்று தன் கையையே திட்டினாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு, ஆப்பிள் கடித்த இடம் போலப் பழுப்பேறிக் கிடந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணி ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறை நாளில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள். தையல்காரம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. அண்ணன் கேட்டதையும் தான் சாயம் என்று சொன்னதையும் இரண்டு தடவை சொன்னாள்.

அண்ணி மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்துதான் அண்ணி."

"கம்பி அரிச்சது நேத்து தெரியும். சாயம்னு அவர்கிட்ட சொன்னது?"

"அது... மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. "கூரையைப் பாப்போம்னு நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதை ஒரு நாள்கூட என்னால மறக்க முடியலை. மழை வந்தா நான் வீட்டுக்குள்ள இருக்க மாட்டேன், தெரியுமா? குடையை எடுத்துக்கிட்டு வெளிய போய் பஸ் ஸ்டாப்புல நின்னுக்குவேன். அந்தக் கூரைக்கு அடியில உக்காந்திருக்க முடியலை. நீ எப்படி மறந்த? எனக்கும் சொல்லிக் குடு."

தையல்காரம்மாவுக்கு மன்னிச்சிடுங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அண்ணியின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவரில் கடிகாரம் பத்து அடித்தது. அண்ணி கேட்டாள்: "எத்தனை படகுக்கு இந்த மாதிரி தைச்சுக் குடுத்திருக்க?"

"முப்பத்தொண்ணு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காத்தும் நல்லா இருக்கு. எல்லாரும் கிளம்பிட்டிருப்பாங்க. நீ இங்க வந்து தரையில உக்காந்திருக்க."

தையல்காரம்மாவுக்குப் பகீரென்றது. தன் பாவத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்கிற அவசரத்தில் இது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. அண்ணி கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். துறை வரைக்கும் அவள் நடைக்குத் தையல்காரம்மாவால் ஈடுகொடுக்க முடியவில்லை.

படகு கட்டும் முதல் மேடையில் பேருந்து ஓட்டுநரின் படகு. அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண்கள் இரண்டு பேர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நேராகப் போய் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கித் திரும்பவும் கம்பத்தில் சுற்றினாள். தையல்காரம்மா படகில் இறங்கிப் பக்கக் கம்பியின் உறையில் கத்தியை வைத்தாள்.

"என்னம்மா இது, நல்லா இருக்கறதைப் போய்க் கிழிக்கறீங்க? உங்க கைவேலையை நம்பித்தானே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அவர்.

"நம்பாதீங்க."

உறை விரிந்தது. மூன்று இழை அறுந்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார். பெண்களைக் கையைப் பிடித்து ஒவ்வொருவராக மேடையில் ஏற்றிவிட்டார். அப்புறம்தான் அவருக்குப் பேச்சு வந்தது. "இதை மாத்தணும்னா பெரிய செலவாச்சே. நான் எங்க போவேன்?"

"என் படகுக்குக் கம்பி மாத்த எடுத்து வெச்ச பணம் இருக்கு. அதுல முதல்ல உங்களுக்குப் போடச் சொல்றேன். என் படகை வித்துடப் போறேன், அந்தப் பணமும் வரும்."

"நீங்க எதுக்கும்மா குடுக்கணும்? கம்பி பழசானா அது உங்க தப்பா?"

பக்கத்துப் படகுகளிலிருந்து ஆட்கள் என்னவோ ஏதோ என்று மேடையில் கூடிவிட்டிருந்தார்கள். அண்ணனை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தவர்களும் அதில் இருந்தார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் போனவர் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தையல்காரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பழசாகலைங்க. என் உறைதான் அரிச்சிடுச்சு. எங்கண்ணன் படகும் இப்படித்தான் போச்சு. கறை வருதுன்னு அவரு எங்கிட்ட வந்து கேட்டாரு. சாயம்னு சொல்லி அனுப்பினேன். அண்ணி கூரை போடச் சொன்னதால அவரு சாகலை. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நான் சொன்னதாலதான் செத்தாரு."

ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கக் கை இல்லாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"அடுத்தது எந்தப் படகு?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா கையைக் காட்டினாள். கடைசி மேடையில் அந்தப் படகின் பாய் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டு பேரும் ஓட ஆரம்பித்தார்கள்.